மாற்று உறுப்பை உடல் எதிர்ப்பது ஏன், அதைத் தடுப்பது எப்படி?

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரேயின் மருத்துவக் குழு ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து ரிச்சர்ட் ஹெரிக்குக்குப் பொருத்தியது. ரிச்சர்ட் அதன் பிறகு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். பொருத்திய சிறுநீரகம் ஒருவரை நெடுநாள் வாழவைத்தது அதுதான் முதல் முறை. இதில் முர்ரேயின் கைத்திறனுக்குப் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு அதற்கில்லை. ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் வித்தையை அலெக்சிஸ் கேரல் அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே செய்து காட்டி, 1912இல் நோபல் பரிசும் பெற்றுவிட்டார். ஹெரிக் சகோதரர்கள் மரபணுக்கள் ஒன்றேயான இரட்டையர்கள் என்பதே வெற்றிக்குக் காரணம். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள்தானா என்று உறுதிப்படுத்த, ஒருவரின் தோலில் சிறு துண்டை எடுத்து மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். அது உதிராமல் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

இதே அறுவையை 1933இல் உக்ரைனின் கெர்சோன் நகரில் யூரி வொரோனோய் முயன்றிருந்தார். இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம் அது. கொடுத்தவரின் ரத்த வகை பி, பெற்றவரின் வகை ஓ. நோயாளி இரண்டே நாளில் இறந்தார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். உறுப்பு மாற்றில் நிலைக்குமா நிலைக்காதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அறுவை அரங்கில் கழியும் சில மணி நேரம் அல்ல. அதற்கு முன் ஆய்வகத்தில் நடக்கும் பொருத்தம் பார்த்தல், அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் தொடரும் மருந்து, கண்காணிப்பு ஆகியவைதான். இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

எதைப் பார்த்து அந்நியம் என்கிறது?

நம் உடலின் கிட்டத்தட்ட எல்லா செல்களின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே எடுத்துக் காட்டுவதுதான் அவற்றின் அன்றாட வேலை. செல்லுக்குள் உருவாகும் புரதங்களின் சிறு துணுக்குகளை அவை ஏந்திப் பிடிக்கின்றன. சுற்றிவரும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அதைச் சோதிக்கின்றன. வைரஸின் துணுக்கு தெரிந்தால் அந்த செல்லைக் கொல்கின்றன. வைரஸ்களோடு போராடுவதற்காக அமைந்த ஏற்பாடு இது. ஒருவரின் உறுப்பு இன்னொருவர் உடலுக்குள் வரும் என்று இயற்கை எங்கும் கணக்குப் போட்டு வைக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தப் புரதங்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். முதல் எச்.எல்.ஏ. புரதத்தை 1958இல் ழான் தோசே கண்டறிந்தார். இன்று ஆயிரக்கணக்கான வடிவங்கள் தெரியும். இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருங்கி அமைந்திருப்பதால், பெரும்பாலும் ஒரு தொகுப்பாகவே பிள்ளைக்குப் போகின்றன: தாயிடமிருந்து ஒரு தொகுப்பு, தந்தையிடமிருந்து ஒன்று. ஆகவே உடன்பிறந்த இருவருக்கு எச்.எல்.ஏ. முழுவதும் பொருந்த 4இல் 1 வாய்ப்பு, பாதி பொருந்த 4இல் 2, சிறிதும் பொருந்தாமல் போக 4இல் 1. பெற்றோரும் பிள்ளையும் குறைந்தது பாதி பொருந்துவார்கள்.

பொருந்தாத எச்.எல்.ஏ.வைக் கண்டதும் டி செல்கள் அதை நோய்த்தொற்றுக்கு ஆளான செல் போலவே நடத்துகின்றன. கூடவே பி செல்கள் என்ற மற்றொரு வகை வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டு, அந்நியப் பொருளில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதங்களைச் சுரக்கின்றன. டி செல் நேரே வந்து தாக்கும். ஆன்டிபாடி, உறுப்பின் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மற்ற தாக்கும் கருவிகளை வரவழைக்கும். இந்த இரண்டு வழிகளையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இரண்டுக்கும் வேறுவேறு.

இந்த எதிர்ப்புக்கு நினைவாற்றலும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காயத்துக்கான தோல் ஒட்டுகளை ஆராய்ந்த பீட்டர் மெடாவர் அதைக் கவனித்தார். அதே கொடையாளரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது, முதல் முறையைவிட வேகமாக அது உதிர்ந்தது. ஒருமுறை அறிமுகமான அந்நியப் புரதத்தை உடல் மறப்பதில்லை. கீழே வரும் பல முன்னெச்சரிக்கைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பலர் கவனிக்காத இன்னொரு காரணம், உறுப்பு படும் காயம். உடலிலிருந்து எடுத்த உறுப்பு ரத்தமில்லாமல் சில மணி நேரம் குளிரில் காத்திருக்கிறது. மறுபடி ரத்தம் பாயும்போது அதன் செல்கள் சேதமடைந்து அபாயக் குறிகளை வெளியிடுகின்றன. சும்மா இருந்திருக்கக்கூடிய டி செல்களையும் அவை உசுப்பிவிடும். 1995இல் பால் தெராசாகியின் குழு வெளியிட்ட ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டியது. கணவன் மனைவிக்குள் எச்.எல்.ஏ. பொருத்தம் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். ஆனாலும் வாழ்க்கைத் துணை தந்த சிறுநீரகங்கள், அதைவிடப் பொருத்தம் கூடிய, இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களை முந்தின. நலமான ஒருவரிடமிருந்து எடுத்து உடனே பொருத்திய உறுப்பு அதிகம் காயப்படுவதில்லை. குளிர்ச்சியில் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதும், எடுத்த உறுப்புக்குள் கருவி மூலம் திரவத்தைச் செலுத்திக்கொண்டே இருப்பதும்கூட நோயெதிர்ப்புச் சிக்கலைத் தடுக்கும் வழிகள்தான்.

கத்தி வைப்பதற்கு முன்

முதலில் ரத்த வகை. ஏ, பி குறிகள் சிவப்பணுக்களில் மட்டுமல்ல, ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் உண்டு. ஓ வகைக்காரருக்கு ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி பிறந்த சில மாதங்களிலேயே உருவாகத் தொடங்கிவிடும். பொருந்தாத உறுப்பை முன்னேற்பாடு இல்லாமல் வைத்தால் சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ அது கறுத்துச் செயலிழக்கும். பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த ஆன்டிபாடிகள் இன்னும் உருவாகியிருக்காது என்பதால், ரத்த வகை பொருந்தாத இதயத்தையும் அவர்களுக்கு வைக்க முடிகிறது.

அடுத்தது எச்.எல்.ஏ. வகைப்படுத்தல். சிறுநீரகத்துக்கு இதற்கு நல்ல மதிப்பு உண்டு. இதயம், கல்லீரல், நுரையீரலுக்கு நேரமும் உறுப்பின் அளவும் முந்திக்கொள்கின்றன. கல்லீரலுக்கு இயல்பாகவே சகிப்புத்தன்மை கூடுதல், அதனால் அங்கே எச்.எல்.ஏ. பொருத்தத்தை யாரும் பெரிதாகத் தேடுவதில்லை.

என் கணிப்பில், இந்தப் பட்டியலிலேயே அதிக உயிர்களைக் காத்த பரிசோதனை கிராஸ்மேட்ச்தான். கொடையாளரின் வெள்ளணுக்களோடு நோயாளியின் ரத்தநீரைக் கலக்கிறார்கள். நோயாளியின் ரத்தத்தில் அந்தக் கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே இருந்தால், அது அந்த செல்களைத் தாக்கும். அதாவது, உடலுக்குள் நடக்கப்போவதைக் குழாயிலேயே பார்த்துவிடலாம். 1969இல் படேலும் தெராசாகியும் வெளியிட்ட கணக்கை இன்று படித்தாலும் திகைப்பாக இருக்கிறது. கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் என்று வந்தும் சிறுநீரகம் பெற்ற 30 பேரில் 24 பேருக்கு அது உடனே செயலிழந்தது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்குத்தான். அதன் பிறகு இந்தப் பரிசோதனை கட்டாயமானது. உடனடி நிராகரிப்பு இன்று அபூர்வமாகிவிட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம். இப்போது செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியும், ஒவ்வொரு எச்.எல்.ஏ. வடிவத்தையும் தனித்தனியே பூசிய நுண்மணிகளும் வந்துவிட்டன. நோயாளியிடம் எந்தெந்த வடிவத்துக்கு எதிரான ஆன்டிபாடி, எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சரி, முன்பின் பார்த்திராத ஒருவரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிராக ஆன்டிபாடி எங்கிருந்து வரும்? கர்ப்பம், ரத்தம் ஏற்றுதல், முந்தைய உறுப்பு மாற்று ஆகிய மூன்று வாசல்கள் வழியே. கருவில் இருக்கும் பிள்ளையின் பாதி எச்.எல்.ஏ. தந்தையுடையது. தாயின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்திருக்கலாம். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தாய்க்குக் கணவரோ பிள்ளையோ சிறுநீரகம் தர முன்வரும்போது இது குறுக்கே நிற்கும். அதனால்தான் உறுப்புக்குக் காத்திருப்பவர்களுக்குத் தவிர்க்க முடியாத நிலை தவிர ரத்தம் ஏற்ற வேண்டாம் என்கிறார்கள். ஏற்றியே ஆக வேண்டுமானால் வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தம் தருகிறார்கள். காத்திருக்கும் காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால் உறுப்பு மாற்றுக் குழுவிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய பரிசோதனை முடிவு அதன் பிறகு செல்லாது.

பொருந்தாத கொடையாளர் என்றால் கதை முடிந்தது என்றில்லை. அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு இணையோடு கொடையாளர்களை மாற்றிக்கொள்ளலாம். 1986இல் எழுத்தில் முன்வைக்கப்பட்ட இந்த யோசனை 1991இல் தென் கொரியாவில் நடைமுறைக்கு வந்தது. எனக்கு இதுதான் மிக நேர்த்தியான தீர்வாகப் படுகிறது, ஏனென்றால் நோயாளியின் உடலில் கூடுதலாக எதையும் ஒடுக்க வேண்டியதில்லை. அப்படி இணை கிடைக்காவிட்டால், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து ஆன்டிபாடியைக் குறைப்பது, இம்யூனோகுளோபுலின் (பலரின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிக் கலவை) ஏற்றுவது, பி செல்களை ஒழிக்கும் ரிடுக்ஸிமாப் கொடுப்பது என்று வழிகள் உண்டு. ரத்த வகை பொருத்தமின்மையை இப்படி நன்றாகவே கடக்கிறார்கள். எச்.எல்.ஏ. ஆன்டிபாடி அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. அகற்றினாலும் திரும்பி வரும்.

மூன்று மருந்து எதற்கு?

டி செல் தாக்கத் தொடங்குவதற்கு மூன்று படிகளைக் கடக்க வேண்டும். அந்நியத்தை அடையாளம் காண்பது முதல் படி. அதை ஆமோதிக்கும் இரண்டாவது குறி வேறொரு மூலக்கூறு வழியாக வர வேண்டும். பின்னர் பெருகச் சொல்லும் வேதிக்குறி கிடைத்து, ஒன்று பலவாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு மருந்தும் இந்தப் படிகளில் ஏதாவது ஒன்றை மறிக்கிறது.

முதல் படியின் குறி செல்லுக்குள் போய்ச்சேராமல் தடுப்பவை டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும். இரண்டும் மண்ணில் கிடைத்தவை. சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மேட்டுநிலத்து மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து வந்தது. 1983இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்த பிறகுதான் இதயம், கல்லீரல் மாற்றுகள் வழக்கமான சிகிச்சையாயின. டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபாவில் மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. இன்று பெரும்பாலோர் எடுப்பது இதைத்தான். இரண்டாம் படியை மறிப்பது பெலாடாசெப்ட். மாத்திரையாக இல்லாமல் ரத்தக் குழாய் வழியே ஏற்றுவது. மூன்றாம் படியில் மைக்கோஃபினோலேட்டும் சிரோலிமஸும் செல் பெருகுவதைத் தடுக்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரை பல இடங்களில் ஒரே சமயத்தில் வேலை செய்யும். அதனால்தான் அதன் பக்கவிளைவும் பல இடங்களில் தெரியும்.

ஒரே மருந்தை நிறையக் கொடுத்தால் நஞ்சாகும். மூன்று படிகளில் மூன்றைக் குறைந்த அளவில் கொடுத்தால் தடுப்பு வலுவாகும், ஒவ்வொன்றின் தீமையும் குறையும். இந்தச் சிந்தனை 1960களில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் அசதயோபிரினையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்ததில் தொடங்கியது. இன்று டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு என்ற மூவர் கூட்டணியாக நிற்கிறது. எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும் முதல் நாட்களுக்கு மட்டும் கூடுதலாக ஊசி மருந்து உண்டு. பாசிலிக்ஸிமாப் அறுவை நாளிலும் நான்காம் நாளிலும் தரப்படும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு டி செல்களையே அழிக்கும் ஏ.டி.ஜி. தரப்படும்.

டாக்ரோலிமஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே அளவைக் கொடுத்தால் ரத்தத்தில் வேறுவேறு அளவு சேரும். கல்லீரலிலும் குடலிலும் அதைச் சிதைக்கும் நொதி ஆளுக்கு ஆள் வேறுபடுவதே காரணம். ஆகவே மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்பதைவிட, ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதை வைத்தே அளவைத் தீர்மானிக்கிறார்கள். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன், அளவு மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பரிசோதனைக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறைத்தாலும் ஆபத்து, கூட்டினாலும் ஆபத்து

1967 டிசம்பரில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். நோயாளி 18ஆம் நாள் இறந்தார். காரணம் நிமோனியா. நிராகரிப்பை அடக்கத் தந்த மருந்துகள் தொற்றை எதிர்க்கும் பலத்தையும் பறித்துவிட்டன. நோயெதிர்ப்புச் சிக்கல் என்றதும் நிராகரிப்பை மட்டும் நினைத்தால் பாதிதான் தெரியும்.

நிராகரிப்பில், முன்பு சொன்ன உடனடி வகையை விட்டால் இன்னும் இரண்டு உண்டு. முதல் சில மாதங்களில் அதிகம் வருவது தீவிர நிராகரிப்பு. டி செல் வழியே வந்தால் மூன்று நாள் அளவில் ஸ்டீராய்டை அதிக அளவு ஏற்றியே பெரும்பாலும் திருப்பிவிடலாம். ஆன்டிபாடி வழியே வந்தால் பிளாஸ்மா மாற்று, இம்யூனோகுளோபுலின் என்று நீளும். ஆண்டுக்கணக்கில் மெதுவாக உறுப்பைத் தழும்பாக்கும் நாட்பட்ட வகைக்கு இன்னும் சரியான மருந்து இல்லை. முதல் ஆண்டு முடிவுகள் எவ்வளவோ முன்னேறிய பிறகும் உறுப்புகள் நிரந்தரமாக நிற்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிராகரிப்பு பெரும்பாலும் வலிக்காது. காய்ச்சல், உறுப்பு இருக்கும் இடத்தில் வலி, சிறுநீர் குறைதல் எல்லாம் வரலாம், வராமலும் போகலாம். சிறுநீரகத்துக்கு, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறுவதும், கல்லீரலுக்கு நொதிகள் ஏறுவதும் அடையாளம். நுரையீரலுக்கு ஊதும் அளவு குறையும். இதயத்துக்குக் கழுத்து ரத்தக் குழாய் வழியே சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது வழக்கம். அதனால்தான் நன்றாக இருக்கும்போதே பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள்.

மறுபக்கத்தில் தொற்றுகள். சி.எம்.வி. வைரஸுக்கு எதிராக வால்கன்சிக்ளோவிர் சில மாதங்கள், நிமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்கு எதிராக கோ-ட்ரைமாக்ஸசோல் என்று தடுப்பு மருந்துகள் முதலிலேயே தொடங்கும். இவற்றையெல்லாம்விடச் சிக்கலானது பி.கே. வைரஸ். நம்மில் பெரும்பாலோர் உடலில் சிறுவயதிலிருந்தே சாதுவாகக் கிடப்பது. நோயெதிர்ப்பு தாழ்ந்தால் மாற்றுச் சிறுநீரகத்தில் விழித்துக்கொள்ளும். அப்போதும் கிரியேட்டினின் ஏறும், நிராகரிப்பிலும் அதேதான். ஆனால் நிராகரிப்புக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், பி.கே. வைரஸுக்குக் குறைக்க வேண்டும். தவறாகக் கணித்தால் சிகிச்சையே உறுப்பைக் கெடுக்கும். ஒரு எண் ஏறியதும் மருத்துவர் ஏன் வைரஸ் அளவையும் பார்த்து, ஊசி வைத்துச் சதைத் துணுக்கையும் எடுக்கிறார் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்.

நீண்ட காலத்தில் தோல் புற்றுநோயும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் சில வகைகளும் மற்றவர்களைவிட அதிகம். டாக்ரோலிமஸால் சர்க்கரை நோய் வரலாம், கை நடுங்கலாம், சிறுநீரகமே பாதிக்கப்படலாம். ஆம், சிறுநீரகத்தைக் காக்கத் தரும் மருந்தே அளவு மீறினால் அதைக் கெடுக்கும்.

மருந்தே இல்லாமல் உடலைப் பழக்க முடியாதா என்ற கேள்வி பழையது. 1953இல் மெடாவரும் கூட்டாளிகளும், பிறக்கும் முன்பே அந்நிய செல்கள் செலுத்தப்பட்ட எலிகள் பின்னாளில் அதே வகைத் தோலை ஏற்பதைக் காட்டினார்கள். கொடையாளரின் எலும்பு மஜ்ஜை அல்லது ரத்த மூல செல்லையும் சேர்த்துக் கொடுத்து, சிறுநீரகம் பெற்ற சிலர் மருந்தின்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். கல்லீரல் பெற்றவர்களில் சிலருக்கும் மருத்துவக் கண்காணிப்பில் மருந்தை நிறுத்த முடிந்திருக்கிறது. எல்லாம் இன்னும் ஆய்வு நிலைதான். தானாக நிறுத்திப் பார்ப்பதற்கு இது உத்தரவாதம் ஆகாது.

வீட்டில் நடப்பது

ஆறு மாதம், ஓராண்டு கடந்ததும் ஆபத்து முடிந்ததாகப் பலருக்குத் தோன்றுகிறது. உடம்பு தெம்பாக இருக்கும், மாத்திரை ஒருவேளை தவறும், பிறகு அடிக்கடி தவறும். தாமதமாக வரும் நிராகரிப்புகளில் பெரும்பங்கு இப்படித்தான் தொடங்குகிறது. விட்டுவிட்டு எடுப்பதால் ரத்த அளவு ஏறி இறங்கினால், முன்பு இல்லாத புது ஆன்டிபாடிகள் கொடையாளரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிராக உருவாகும். வளரிளம் பருவத்தினரிடம் இது அதிகம். அவர்களைத் திட்டுவதைவிட, ஒரு நாளைக்கு ஒருமுறை போதும் என்ற வகை டாக்ரோலிமஸ் ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்பது பயன் தரும்.

மாத்திரை போட்டதும் வாந்தி வந்தால், ஒருவேளை மறந்துபோனால், மறுபடி எடுக்கலாமா என்பது எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்தது. உங்கள் மையம் என்ன சொல்கிறது என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஈடுகட்ட இரட்டிப்பாகப் போட வேண்டாம். கடும் வயிற்றுப்போக்கு நீடித்தாலும் தெரிவியுங்கள், அப்போது டாக்ரோலிமஸ் அளவு குறையாமல் ஏறவே செய்யும்.

வேறு மருத்துவர் எழுதித் தரும் சாதாரண மருந்தும் சமநிலையைக் குலைக்கும். கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் போன்றவை டாக்ரோலிமஸை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபினிட்டாய்ன் இறக்கும். கிரேப்ஃபுரூட் பழம் ஏற்றும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இறக்கும். இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இங்கே உதவாது. வலிக்கு இபுபுரூஃபென் போன்றவற்றைத் தானாக வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு.

தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை அறுவைக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். பின்னர் பொதுவாக அவற்றைத் தவிர்ப்பார்கள். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி போன்ற உயிரற்ற வகைகளைப் பின்னரும் போடலாம், வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. வெயிலில் தோலை மூடுவதும், புதிதாகத் தோன்றும் மறு, புண்ணைக் காட்டுவதும் மேலே சொன்ன தோல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க. பிள்ளை பெற விரும்பும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால், அதை நிறுத்தி அசதயோபிரினுக்கு மாற்றி, குறைந்தது ஆறு வாரமாவது கழிந்த பிறகுதான் முயலச் சொல்வார்கள்.